வெண்ணியின் மூடிய கை

வெண்குன்றத்தில் பாடம் சொன்ன சமணத் துறவி அம்மையை ஊரார் குரத்தியார் என்று அழைத்தார்கள். மலையின் பாதி உயரத்தில் ஒரு குகை. குகைக்கு முன்னால் அகலமான பாறை. அவ்வளவுதான் பள்ளி. ஆண்களும் பெண்களும் படித்தார்கள். படிக்க வந்த எவரையும் குரத்தியார் திருப்பி அனுப்பியதில்லை.

அங்கே கற்பித்தது வாதம்.

ஒவ்வொருவருக்கும் ஓர் எதிராளி உண்டு. வந்த நாளில் யாருக்கு எதிரே உட்கார வைக்கிறார்களோ அவர்தான் கடைசிவரை எதிராளி. இருவருக்கும் எதிரெதிராக இரண்டு கற்கள். எதிராளி தன் பக்கத்தைச் சொல்லி முடித்ததும், கேட்டவர் உடனே மறுத்துப் பேசிவிட முடியாது. எதிராளி சொன்னதை அவருக்கே திருப்பிச் சொல்ல வேண்டும். அதற்குப் பரபக்கம் என்று பெயர். அது முடியும்வரை எதிராளி வலது கையை மூடி மடியில் வைத்திருப்பார். நான் நினைப்பது இதுதான் என்று மனதாரத் தோன்றினால் மட்டும் கையை விரிப்பார். விரிந்த பிறகே மற்றவர் தன் பக்கத்தைப் பேசலாம். விரியாவிட்டால், பொழுது சாய்வதற்குள் எழுந்து சாப்பிடப் போக வேண்டியதுதான். இருட்டிய பிறகு அந்த மலையில் யாரும் சாப்பிடுவதில்லை.

கொற்றி முப்பது வயதைத் தாண்டிய பிறகு மலைக்கு வந்தவள். கணவன் இறந்து, அவன் தம்பிகள் நிலத்தைப் பிரித்துக்கொண்டு, இனி இந்த வீட்டில் தன் பேச்சுக்கு இடமில்லை என்று தெரிந்ததும் ஏறி வந்தாள். வந்த கொஞ்ச நாளிலேயே மற்றவர்களை முந்திவிட்டாள். குரத்தியார் உட்காரும் மேடான இடத்துக்குப் பக்கத்துக் கல் அவளுடையதாயிற்று.

அவளுடைய எதிராளி வெண்ணி. ஏறக்குறைய அதே வயது. அவசரமே இல்லாதவள். மற்றவர்கள் ஒரு காலைப் பொழுதில் முடிக்கும் வாதத்தை அவள் சாப்பாட்டு நேரம்வரை இழுப்பாள். அவள் கை லேசில் விரியாது.

"வெண்ணி கையை விரித்தால் அன்றைக்கு மழை பெய்யும்" என்பான் அந்துவன். அவனும் ஒரு மாணவன். பேச்சில் கெட்டிக்காரன், ஆனால் பாதிப் பேச்சு மற்றவர்களைப் பற்றியே இருக்கும்.

அந்த ஆண்டு மழை நின்றதும், உப்பு விற்கப் போகும் உமணர்களின் வண்டியில் கொற்றி தலைநகரத்துக்குப் போனாள். அங்கே பெரும்பள்ளி இருந்தது. அதன் வாயிலில் கேள்வி கேட்பவர்கள் நிற்பார்கள். பதில் சொன்னவர் உள்ளே போகலாம். சொல்லாதவர் வந்த வழியே திரும்பலாம்.

கொற்றி பதில் சொன்னாள். அவளை ஏற்றுக்கொண்டார்கள். உமணர் வண்டிகள் அடுத்த முறை நகரத்துக்கு வரும்போது அவளும் வந்து சேர வேண்டும். வராவிட்டால் அந்த இடம் வேறொருவருக்கு.

திரும்பி வந்த மறுநாள் காலை அவள் குரத்தியாரைத் தேடிப் போனாள்.

அவர் குகைப் படிகளை மயிற்பீலியால் ஒதுக்கிக்கொண்டிருந்தார். மழைக்குப் பிறகு எறும்புகள் படியேறி வரும். அவற்றை ஓரத்துக்கு விலக்கிவிட்டுத்தான் ஒவ்வொரு படியாக இறங்குவார்.

"அம்மா, என்னை ஏற்றுக்கொண்டார்கள்."

"தெரியும். அந்துவன் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டான். விளக்குக்கு எண்ணெய் கொண்டு வந்தவள் எனக்கே சொல்லிவிட்டுப் போனாள்."

"போகலாமா?"

குரத்தியார் ஒரு படி இறங்கினார். "எதற்குப் போக வேண்டும்?"

"பெரிய பள்ளி, அம்மா. பத்துப் பேர் வந்தால் ஒன்பது பேரைத் திருப்பி அனுப்புகிறார்கள்."

"அந்த ஒன்பது பேரோடு பேசினாயா?"

"இல்லை."

"வெளியே வரும்போது பார்த்திருப்பாயே."

கொற்றி கொஞ்சம் தயங்கினாள். "ஒருவர் மதில் ஓரமாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். பார்க்காததுபோல வந்துவிட்டேன்."

"ஏன்?"

"என் முகத்தில் சிரிப்பு இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை."

குரத்தியார் அடுத்த படியை ஒதுக்கினார்.

"வேறு என்ன இருக்கிறது அங்கே?"

"எல்லா வழியினரும் இருக்கிறார்கள். பிக்குகள் இருக்கிறார்கள். வேதம் ஓதுகிறவர்கள் இருக்கிறார்கள். உடலோடு எல்லாம் முடிந்தது என்பவர்களும் இருக்கிறார்கள். எல்லோரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசுகிறார்கள். இங்கே பிக்குகளின் பக்கத்தை வெண்ணி சொல்கிறாள். அவள் ஒரு பிக்குவைக் கண்ணால்கூடக் கண்டதில்லை."

"நானே இரண்டு பேரைத்தான் கண்டிருக்கிறேன். இரண்டு பேரும் வழி கேட்டுக்கொண்டு போய்விட்டார்கள்."

கொற்றி சிரித்தாள். பிறகு மறுபடியும் கேட்டாள். "போகலாமா, அம்மா?"

"நம் வழக்கம் என்ன?"

"முதலில் பரபக்கம்."

"உன் எதிராளி யார்?"

"வெண்ணி."

"அவள் கை விரியட்டும். பிறகு வந்து கேள்."

"அதற்குள் வண்டி போய்விடுமே."

குரத்தியார் கடைசிப் படியில் நின்றிருந்த ஒற்றை எறும்பைப் பீலி நுனியில் ஏற்றிப் புல்லில் விட்டார். "இதுவும் எங்கோ அவசரமாகத்தான் போய்க்கொண்டிருந்தது" என்றார்.

பாறையில் வெண்ணி ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தாள். கொற்றி எதிர்க்கல்லில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னாள். வெண்ணி வலது கையை மூடி மடியில் வைத்தாள். ஏதோ சொல்வதற்கு வாயைத் திறந்தாள்.

கொற்றி முந்திக்கொண்டாள். வெண்ணி என்ன சொல்வாள் என்று அவளுக்குத் தெரியும். அவ்வளவு நாள் பழக்கம்.

"என் எதிராளியின் பக்கம் இது" என்று ஆரம்பித்தாள். "கொற்றி போகக் கூடாது. பேச்சுக்கு இடமில்லாமல் வந்தவளுக்கு இந்த மலை இடம் கொடுத்தது. குரத்தியார் கேள்வி எதுவும் கேட்காமல் சேர்த்துக்கொண்டார். கேள்வி கேட்டுச் சேர்ப்பவர்களைத் தேடி, கேளாமல் சேர்த்தவரை விட்டுப் போவது நன்றி இல்லாத செயல்."

நன்றாகச் சொன்னாள். பக்கத்துக் கற்களில் இருந்தவர்கள் தங்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

வெண்ணியின் கை விரியவில்லை.

"இதில் என்ன குறை?"

"குறை இல்லை. என் பேச்சும் இல்லை."

அன்று பொழுது அப்படியே போயிற்று. எழுந்து போகும்போது அந்துவன் கொற்றியின் பக்கத்தில் வந்தான்.

"பெரும்பள்ளி வாயிலைத் தாண்டிவிட்டாயாம். பெரிய காரியமில்லை. இந்த வாயிலைத் தாண்டு பார்க்கலாம்."

மறுநாள் கொற்றி வேறொரு வாதத்தோடு வந்தாள்.

"கொற்றி போனால் வெண்ணிக்கு எதிராளி இல்லை. எதிராளி இல்லாதவர் பாறை ஓரத்தில் உட்கார்ந்து கேட்கலாம். பேச முடியாது. அது இங்கே வழக்கம். தான் கற்பதற்காக இன்னொருத்தியை ஊமையாக்கிவிட்டுப் போவது கல்வி ஆகாது."

வெண்ணியின் விரல்கள் இன்னும் இறுகின.

"என்னைப் பார்த்து இரங்குகிறாயா, கொற்றி?"

"வாதம் சொல்கிறேனடி."

"வாதத்துக்குள் என்னை ஏன் அழ வைக்கிறாய்? நான் எங்கே அழுதேன்?"

மூன்றாவது முறை கொற்றி இரவெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தாள். "வாயில் குறுகலாக இருப்பதனாலேயே உள்ளே இருப்பது உயர்ந்தது என்று ஆகிவிடாது. பலரை விலக்குவதால் வரும் பெருமை, விலக்கப்பட்டவர்களிடமிருந்து எடுத்துக்கொண்ட பெருமை. கொற்றி அதற்கு ஆசைப்படக் கூடாது."

"அழகாக இருக்கிறது. யார் சொன்னது?"

"நான்தான்."

"உன்னை யார் கேட்டது? உன் எதிராளி என்ன சொல்கிறாள்?"

அந்துவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

மலையடிவாரத்தில் உமணர்கள் வந்து இறங்கிவிட்டார்கள். மேலேயிருந்து பார்த்தால் வண்டிகள் தெரிந்தன. மாடுகளை அவிழ்த்து மேய விட்டிருந்தார்கள். ஒருவன் வண்டிக்கு அடியில் படுத்து அச்சுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். கொற்றி பேச்சின் நடுவில் அடிக்கடி அந்தப் பக்கம் பார்த்தாள். இரண்டு நாள் அங்கே தங்குவார்கள். பிறகு தலைநகரம்.

அவர்கள் தங்கிய இரண்டாம் நாள் அவள் நிதானம் இழந்தாள். இருந்த வாதங்கள் எல்லாம் தீர்ந்துபோயிருந்தன.

"உன் எண்ணம் எனக்கு இப்போதுதான் புரிகிறது" என்றாள். "உன் கை மூடியிருக்கும்வரை நான் போக முடியாது. வண்டி போகும்வரை மூடியே வைத்திருந்தால் போதும். நீ ஒன்றும் செய்ய வேண்டாம். சும்மா உட்கார்ந்திருந்தாலே ஜெயித்துவிடுவாய்."

பக்கத்துக் கற்களில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வெண்ணி தன் மூடிய கையைப் பார்த்தாள். "அப்படியா நினைக்கிறாய்?"

"வேறு எப்படி நினைக்கச் சொல்கிறாய்?"

"சாப்பாட்டு நேரமாகிவிட்டது" என்று சொல்லி வெண்ணி எழுந்தாள்.

கொற்றி சாப்பிடப் போகவில்லை. நேராகக் குரத்தியாரிடம் போனாள். அவர் அன்றைய உணவை முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"அம்மா, அவள் வேண்டுமென்றே விரிக்கமாட்டேன் என்கிறாள்."

"எப்படித் தெரியும்?"

"போகக் கூடாது என்பதற்கு என்னென்ன உண்டோ அத்தனையும் சொல்லிவிட்டேன். அவள்கூட அவ்வளவு நன்றாகச் சொல்லியிருக்கமாட்டாள்."

"அவள் என்ன சொன்னாள்?"

"என் பேச்சு இல்லை என்கிறாள்."

"அதற்கு முன்னால். தன் பக்கம் என்று அவள் என்ன சொன்னாள்?"

கொற்றி வாயைத் திறந்தாள். அந்த முதல் நாள் காலை நினைவுக்கு வந்தது. வெண்ணியும் இப்படித்தான் வாயைத் திறந்தாள்.

"அவள் இன்னும் எதுவும் சொல்லவில்லை" என்றாள்.

"பரபக்கம் என்றால் என்ன?"

"எதிராளி சொன்னதைத் திருப்பிச் சொல்வது."

"சொல்லாததை எப்படித் திருப்பிச் சொன்னாய்?"

"அவள் எதிரே உட்கார்ந்திருக்கிறாள், அம்மா. நான் போக வேண்டும் என்கிறேன். அப்படியானால் அவள்..."

கொற்றி நிறுத்திவிட்டாள்.

குரத்தியார் கையைத் துடைத்துக்கொண்டார். "இத்தனை நாளும் அவ்வளவு நன்றாகச் சொன்னாயே. அது யாருடைய பக்கம்?"

கொற்றி இறங்கி வந்தாள்.

பாறைக்குப் பின்னால் ஒரு சுனை உண்டு. வெண்ணி அங்கே தண்ணீர் மொண்டுகொண்டிருந்தாள். வெயில் இன்னும் இருந்தது. கொற்றி வந்து பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள்.

"ஏடி."

"என்ன?"

"அங்கே அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

"பேசிவிட்டாய். தண்ணீரைக் கலக்காதே, காலை எடு."

கொற்றி காலை எடுத்தாள். "உன் பக்கம் என்ன, வெண்ணி?"

வெண்ணி குடத்தை நிறுத்தி வைத்தாள். "இப்போதாவது கேட்டாயே."

"சொல்."

"நீ போக வேண்டும். அதுதான் என் பக்கம்."

கொற்றிக்கு முதலில் கோபம்தான் வந்தது. "இதை ஏன் முதல் நாளே சொல்லவில்லை?"

"சொல்ல விட்டாயா? வாயைத் திறந்தேன், நீ என்னுடையதையும் சேர்த்துப் பேச ஆரம்பித்துவிட்டாய். சரி, பேசட்டும், எங்கேயாவது தட்டுப்படும் என்று இருந்தேன். ஒருநாளும் தட்டுப்படவில்லை. நான் உன்னைப் போகச் சொல்வேன் என்று உனக்குத் தோன்றவே இல்லை."

சுனையில் ஒரு தவளை குதித்தது. இரண்டு பேரும் அது அமிழ்ந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏன் போக வேண்டும்?" என்று கொற்றி கேட்டாள்.

"வழக்கப்படி நீதான் அதைச் சொல்ல வேண்டும். ஒன்று மட்டும் சொல்கிறேன். கொஞ்ச நாளாக நீ என்னிடம் வேண்டுமென்றே தோற்கிறாய்."

"இல்லை."

"இல்லையா? போன மாதம், உயிருக்கு எடை உண்டா என்று பேசினோம். பதில் உன் நாக்கு நுனியில் இருந்தது. நீ வானத்தைப் பார்த்தாய். பிறகு, சரி, நீ சொல்வதுதான் சரி என்றாய். எனக்குத் தெரியாதா, கொற்றி? நான் மெதுவானவள்தான். குருடி இல்லை."

கொற்றியின் முகம் சிவந்தது.

"உனக்குச் சந்தோஷமாக இருக்குமே என்றுதான்..."

"இருந்தது. கொஞ்ச நேரம். அந்துவன்கூட, வெண்ணியே ஜெயித்துவிட்டாள், இன்றைக்கு மழைதான் என்றான். அப்புறம் புரிந்துவிட்டது." வெண்ணி குடத்தின் வாயைத் துடைத்தாள். பிறகு வலது கையை மூடி மடியில் வைத்தாள். "சொல்."

"இங்கேயா?"

"கல்லில் உட்கார்ந்தால்தான் உனக்குப் பேச்சு வருமா?"

கொற்றி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"என் எதிராளியின் பக்கம் இது. கொற்றி போக வேண்டும். அங்கே நூல்கள் அதிகம்."

கை மூடியே இருந்தது.

"அங்கே பிக்குகளின் பக்கத்தைப் பிக்குகளே சொல்வார்கள்."

விரல்கள் லேசாக அசைந்தன. விரியவில்லை.

"கிட்டத்தட்ட" என்றாள் வெண்ணி. "ஆனால் அதை நீ குரத்தியாரிடமே சொல்லிவிட்டாய். அதனால் உனக்கு வலிக்கவில்லை."

கொற்றி தண்ணீரைப் பார்த்தாள். சொல்ல வேண்டியது என்ன என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் வாய் வரவில்லை. பெரும்பள்ளியின் முற்றம் கண்ணில் வந்தது. படிப்படியாக இறங்கும் இருக்கைகள். எந்த வயதில் வந்தாலும் புதிதாக வந்தவருக்குக் கடைசிப் படி. மேல் படிகளில் மீசை முளைக்காத பிள்ளைகள். அவர்கள் பேசிய வேகம். அவள் அன்று வாயிலில் நின்றுகொண்டே அதைக் கேட்டாள். பாதி புரியவில்லை. வண்டியில் திரும்பி வரும்போது அந்தப் பாதியை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

"கொற்றி போக வேண்டும்" என்றாள் மெதுவாக. "ஏனென்றால் அங்கே அவள் தோற்பாள்."

வெண்ணி கையை விரித்தாள்.

உள்ளங்கையில் நகம் பதிந்த தடம் இருந்தது.

"இனி உன் பக்கம்" என்றாள் வெண்ணி. "நீ பேசலாம்."

"என் பக்கம்..." கொற்றி நிறுத்தினாள். "எனக்குப் பயமாக இருக்கிறது, வெண்ணி."

"அது வாதம் இல்லை."

"தெரியும்."

"எனக்கும் பயம்தான்."

"உனக்கு என்ன பயம்?"

"நீ போன பிறகு யார் முன்னால் கையை மூடுவது?" வெண்ணி குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். "அதுவும் வாதம் இல்லை. அதனால்தான் சொல்லவில்லை."

கொற்றி மறுபடியும் குகைக்கு ஏறினாள். வெளிச்சம் குறையத் தொடங்கியிருந்தது.

"கை விரிந்துவிட்டது, அம்மா."

"அப்படியானால் மழை வரும்" என்றார் குரத்தியார். அந்துவனின் பேச்சு அவர் காதுக்கும் எட்டியிருந்தது.

கொற்றிக்குச் சிரிப்பு வரவில்லை. "போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் உங்களிடம் வந்தேன். ஆனால் போகாமல் இருப்பதற்குத்தான் வழி தேடியிருக்கிறேன். நன்றி என்றேன். அவளுக்காக என்றேன். எல்லாம் பயம்."

"எல்லாமுமா?"

கொற்றி யோசித்தாள். "தெரியவில்லை. நன்றியும் இருக்கிறது. அவள்மேல் பிரியமும் இருக்கிறது. எது எங்கே முடிந்து பயம் எங்கே தொடங்குகிறது என்று பிரிக்கத் தெரியவில்லை."

குரத்தியார் தலையசைத்தார்.

"இங்கே உங்களுக்குப் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்திருக்கிறேன். இருந்தால் கிழவியாகும்வரை அந்தக் கல்லிலேயே இருப்பேன். நல்ல வாழ்க்கை. அங்கே கடைசிப் படி. இந்த வயதில் சின்னப் பிள்ளைகள் முன்னால் திணற வேண்டும். ஒருவேளை கடைசிவரை அந்தப் படியிலேயே இருந்துவிடலாம். திரும்பி வந்தால், தோற்று வந்தவள் என்பார்கள். நான் என்ன செய்ய, அம்மா?"

"சாப்பிட்டாயா?"

"இல்லை. பசிக்கவில்லை."

"இருட்டப்போகிறது. போனாலும் நாளைக்குப் பசிக்கும். இருந்தாலும் பசிக்கும். போய்ச் சாப்பிடு."

குரத்தியார் பீலியை எடுத்துக்கொண்டு குகைக்குள் போனார்.

விடிந்ததும் கொற்றி மூட்டை கட்டினாள். கட்டிக்கொண்டிருக்கும்போதே முடிவு வந்துவிடும் என்று நினைத்தாள். முடிச்சுப் போட்டு முடித்த பிறகும் வரவில்லை. கீழே உமணர்கள் மாடுகளைப் பூட்டும் சத்தம் கேட்டது. எல்லோரிடமும் சொல்லிக்கொள்ளலாம், இல்லை இருந்துவிடுகிறேன் என்று சொல்லலாம், பாறைக்குப் போனால் இரண்டில் ஒன்று வாயில் வரும் என்று எண்ணிக்கொண்டு நடந்தாள்.

பாடம் தொடங்கிவிட்டிருந்தது.

குரத்தியார் உட்காரும் மேடான இடத்தில் யாரும் இல்லை. மயிற்பீலி மட்டும் கிடந்தது.

கொற்றியின் கல்லில் குரத்தியார் உட்கார்ந்திருந்தார். எதிரே வெண்ணி. வெண்ணியின் வலது கை மடியில் மூடியிருந்தது.

"ஆகவே, பசி உடலுக்கு உரியது, உயிர் அதை அறிகிறதே தவிர அனுபவிப்பதில்லை என்பது என் எதிராளியின் பக்கம்" என்று குரத்தியார் சொல்லி முடித்தார்.

"இல்லை, அம்மா" என்றாள் வெண்ணி. "நான் அப்படிச் சொல்லவில்லை."

"அப்படித்தானே சொன்னாய்?"

"கிட்டத்தட்ட. ஆனால் நான் சொன்னதை நீங்கள் உங்களுக்கு வசதியாக மாற்றிக்கொண்டீர்கள்."

அந்துவன் மேலாடையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தான். அவன் தோள்கள் குலுங்கின.

குரத்தியாரின் நெற்றியில் வேர்வை. "சரி. மறுபடியும் சொல்கிறேன்."

"சொல்லுங்கள்."

கொற்றி மூட்டையோடு அருகில் போய் நின்றாள்.

"அம்மா, இது என் கல்."

"ஆமாம்" என்றார் குரத்தியார் நிமிர்ந்து பார்க்காமல். "ஒரு பக்கம் குத்துகிறது. எப்படி இத்தனை நாள் உட்கார்ந்தாய்?"

"பழகிவிடும்."

"பழகட்டும்."

"காலையிலிருந்து நாலைந்து முறை திருப்பிச் சொல்லிவிட்டார்" என்றாள் வெண்ணி. கொற்றியைப் பார்த்தாலும் கையை விரிக்கவில்லை. "உன்னைவிடப் பொறுமை அதிகம். கெட்டிக்காரத்தனம்தான் கொஞ்சம் குறைவு."

இப்போது அந்துவனால் அடக்க முடியவில்லை. மற்றவர்களும் சிரித்தார்கள். குரத்தியாரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே, கொஞ்சம் இருங்கள், யோசிக்கவிடுங்கள் என்பதுபோல ஒரு விரலை உயர்த்தினார்.

கொற்றி மேட்டைத் திரும்பிப் பார்த்தாள். அத்தனை நாளும் நிமிர்ந்து பார்த்தே பழகிய இடம். வெறும் பாறையாகக் கிடந்தது.

"உங்கள் இடம் காலியாக இருக்கிறதே, அம்மா" என்றாள்.

குரத்தியார் வெண்ணியின் கையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அங்கே உட்கார்ந்தால் என் முன்னால் யாரும் கையை மூடுவதில்லை, கொற்றி."

கீழே மாடுகளின் மணி நகர ஆரம்பித்தது.

கொற்றி மூட்டையை இடது கைக்கு மாற்றினாள். வலது கையை மூடி முன்னால் நீட்டி, விரித்துக் காட்டினாள். பிறகு மணிச் சத்தம் கேட்ட பக்கம் இறங்கினாள்.